'எஸ் கார்ப்' தொடங்கலாமா? முதலில் எந்த மாநிலம் என்று சொல்லுங்கள்

பிப்ரவரி பிறந்தால் போதும். டாலஸ், எடிசன், ஃப்ரீமான்ட் என்று தமிழர்கள் கூடி வாழும் அமெரிக்க ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "எல்.எல்.சி. வெச்சிருக்கேன். அதை எஸ் கார்ப்பா மாத்திட்டா வரி நிறைய மிச்சமாமே, நிஜமா?" அடுத்த நிமிடமே நாலு பேர் 'ஆமாம்' போடுவார்கள். ஐந்தாவது ஆள் யூடியூப் லிங்க் அனுப்புவார். மார்ச் 15 கெடு நெருங்குகிறது என்று ஆறாவது ஆள் பயமுறுத்துவார்.

யாரும் திருப்பிக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "நீங்க எந்த மாநிலத்துல இருக்கீங்க?"

எஸ் கார்ப்பரேஷன் பற்றிய விளம்பரங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் ஃபெடரல் வரியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகின்றன. மாநிலத்தையும் ஊரையும் அதில் சேர்த்தால் கதை மாறிவிடும். ஒரே தொழில், ஒரே லாபம். ஹட்சன் ஆற்றின் ஒரு கரையில் கையைக் கடிக்காது, மறுகரையில் ஆயிரக்கணக்கில் நஷ்டம். அதனால் கணக்கை மாநிலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தியாவில் பழகியவர்களுக்கு இது உடனே உறைக்காததில் ஆச்சரியம் இல்லை. நமக்கு வருமான வரி என்றால், விவசாய வருமானத்தைத் தவிர, டெல்லி மட்டும்தான். சென்னையில் இருக்கும் கம்பெனிக்கு ஒரு வருமான வரி, கோழிக்கோட்டில் இருப்பதற்கு வேறொன்று என்று கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம். சில இடங்களில் மாநகராட்சிக்கே தனி வருமான வரி.

எஸ் என்பது கம்பெனி வகையா?

இல்லை. பலரும் முதலில் தடுமாறுவது இங்கேதான். கம்பெனியைப் பிறப்பிப்பது மாநிலம். மாநிலச் செயலர் அலுவலகத்தில் ஆவணம் தாக்கல் செய்தால் உங்கள் கையில் கிடைப்பது ஒரு கார்ப்பரேஷன் அல்லது ஒரு எல்.எல்.சி. 'எஸ்' என்பது அதன் பிறகு ஃபெடரல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ்-இடம் "எனக்கு இந்த முறையில் வரி போடுங்கள்" என்று கேட்டு வாங்கும் ஒரு தகுதி. ஃபார்ம் 2553 என்ற படிவம் அதற்குத்தான். வரி ஆண்டு தொடங்கி 2 மாதம் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். காலண்டர் ஆண்டு வைத்திருப்பவருக்கு அது மார்ச் 15.

இந்தத் தகுதியை அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கியது 1958-இல். வரிச் சட்டத்தின் 'சப்சாப்டர் எஸ்' பகுதியில் இருப்பதால் அந்தப் பெயர். சாதாரண கார்ப்பரேஷன் லாபத்துக்கு 21 சதவீத ஃபெடரல் வரி கட்டும். மீதியை டிவிடெண்டாகப் பிரித்தால் பங்குதாரர் அதற்கும் வரி கட்டுவார். எஸ் தகுதி பெற்ற கம்பெனி பொதுவாக ஃபெடரல் வருமான வரி கட்டாது. லாபம் கே-1 என்ற தாள் வழியாக நேராகப் பங்குதாரரின் சொந்த ரிட்டர்னுக்கு வந்துவிடும். பதிலுக்குச் சில கட்டுப்பாடுகள்: பங்குதாரர்கள் 100 பேருக்கு மேல் கூடாது, ஒரே வகைப் பங்குதான் இருக்கலாம், இன்னொரு கார்ப்பரேஷனோ பார்ட்னர்ஷிப்போ பங்குதாரராக முடியாது, நான்-ரெசிடென்ட் ஆன வெளிநாட்டவரும் முடியாது. கடைசிக் கட்டுப்பாடு நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம்.

வீடியோ சொல்லும் கணக்கு, சொல்லாத கணக்கு

ஒரு உதாரணம். கணவர் எச்-1பி விசாவில் ஐ.டி. வேலை. மனைவிக்கு எச்-4 விசாவோடு வேலை அனுமதி உண்டு. வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் கன்சல்ட்டிங் செய்கிறார். ஆண்டுக்கு வரவு 1,20,000 டாலர், செலவு 20,000, நிகர லாபம் 1 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் தனி ஆள் எல்.எல்.சி.யாக இருந்தால், வருமான வரி போக, சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்குமாக 15.3 சதவீத சுயதொழில் வரி உண்டு. லாபத்தில் 92.35 சதவீதத்தின் மேல் அது விழும். சுமார் 14,130 டாலர்.

எஸ் தகுதி வாங்கிவிட்டால் அவர் தன் கம்பெனிக்கே ஊழியர். 60,000 டாலர் சம்பளம் எடுக்கிறார் என்றால் 15.3 சதவீதம் அந்தச் சம்பளத்துக்கு மட்டும்தான்: 9,180 டாலர். மீதி லாபப் பங்காக வரும். அதற்கு இந்த வரி இல்லை. மிச்சம் 4,950 டாலர். வீடியோ இங்கே முடிந்துவிடும், 'சப்ஸ்கிரைப்' பட்டனோடு.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. சிறு தொழில் லாபத்தில் 20 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும் சலுகை ஒன்று 2018 முதல் இருக்கிறது; 2025-இல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்தச் சலுகை லாபத்துக்கு உண்டு, சம்பளத்துக்குக் கிடையாது. எல்.எல்.சி.யாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த கழிவு சுமார் 18,600 டாலர். எஸ் ஆனதும் லாபத்தில் பெரும்பகுதி சம்பளமாக மாறிவிட்டதால் கழிவு 7,100 டாலருக்கு இறங்கிவிடுகிறது. தம்பதியின் கூட்டு வருமானம் 22 சதவீத ஸ்லாபில் இருந்தால் இதனால் மட்டும் சுமார் 2,500 டாலர் கூடுதல் வருமான வரி. சுயதொழில் வரியில் பாதியைக் கழித்துக்கொள்ளும் வசதி குறைவதால் இன்னொரு 500 டாலர் போகும்.

மிஞ்சுவது 1,900 டாலர் சொச்சம். அதிலிருந்து சம்பளப் பட்டியல் போட்டுத் தரும் பேரோல் சேவைக்கு மாதக் கட்டணம், கம்பெனிக்கென்று தனி ரிட்டர்ன் 1120-எஸ், அதைத் தயாரிக்கும் சி.பி.ஏ.வுக்கு ஃபீஸ். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலர் எளிதாகக் கரைந்துவிடும். ரிட்டர்ன் தாமதமானால் வரி பாக்கியே இல்லாவிட்டாலும் ஒரு பங்குதாரருக்கு மாதம் 200 டாலருக்கு மேல் அபராதம், 12 மாதம் வரை.

சில நூறு டாலர் மிச்சத்தோடுதான் நாம் மாநிலத்தின் வாசலுக்கே வந்து நிற்கிறோம்.

ஆற்றின் இக்கரையும் அக்கரையும்

அவர் குடியிருப்பது டெக்சாஸ் என்றால் நல்ல செய்தி. அங்கே தனிநபர் வருமான வரி இல்லை. ஃபிரான்சைஸ் டாக்ஸ் என்று ஒன்று உண்டு, எல்.எல்.சி.யோ எஸ் கார்ப்போ, இருவருக்கும் ஒரே விதி. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் அது கடிக்கும். இவருக்கு வரி பூஜ்யம்; மே 15-க்குள் ஒரு தகவல் அறிக்கை கொடுத்தால் போதும். வரி இல்லையே என்று அந்த அறிக்கையை விட்டுவிடக் கூடாது.

நியூஜெர்சி என்றால் எஸ் கார்ப்புக்குக் குறைந்தபட்ச வரி உண்டு. வரவைப் பொறுத்து 375 டாலரில் தொடங்கி 1,500 டாலர் வரை. இவருடைய வரவுக்கு 562.50 டாலர். மிச்சமும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. அங்கே முன்பெல்லாம் மாநிலத்திடம் தனியாக வேறு எஸ் தகுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2022 டிசம்பருக்குப் பிறகு தொடங்கும் வரி ஆண்டுகளுக்கு அந்தத் தொல்லையை எடுத்துவிட்டார்கள்.

அதே பெண் ஆற்றைக் கடந்து நியூயார்க் நகரத்துக்குள், ஃப்ளஷிங் கோயில் கேன்டீன் தோசைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று குயின்ஸுக்குக் குடிபோனால்? நியூயார்க் மாநிலம் ஃபெடரல் எஸ் தகுதியைத் தானாக ஏற்காது, சி.டி.-6 என்ற தனிப் படிவம் கொடுக்க வேண்டும். நகரமோ படிவம் கொடுத்தாலும் ஏற்காது. எஸ் என்ற எழுத்துக்கு அதன் சட்டத்தில் மதிப்பே இல்லை. சாதாரண கார்ப்பரேஷனாகவே பார்த்து, லாபத்துக்கு 8.85 சதவீதம் வரி போடும். சம்பளமும் அதற்கான வரியும் போக இவருக்கு மிஞ்சும் லாபம் சுமார் 35,400 டாலர்; அதற்கு நகர வரி சுமார் 3,100 டாலர். எஸ் ஆகாமல் தனி ஆள் எல்.எல்.சி.யாகவே இருந்திருந்தால்? கார்ப்பரேஷன் அல்லாத தொழில்களுக்கு நகரம் போடும் 4 சதவீத வரி இருக்கிறது. ஆனால் கழிவுகளும் கிரெடிட்டும் போக இந்த அளவு லாபத்துக்கு அது பூஜ்யம். வரியை மிச்சம் பிடிக்கப் போய், இல்லாத வரியை வீட்டுக்கு அழைத்து வந்த கதை.

கலிஃபோர்னியா நடுவில் நிற்கிறது. எஸ் தகுதியை ஏற்கும். ஆனால் லாபத்தில் 1.5 சதவீதம் வாங்கும். குறைந்தபட்சம் 800 டாலர். புதிதாகப் பதிவான கார்ப்பரேஷனுக்கு முதல் ஆண்டு இந்தக் குறைந்தபட்சம் மட்டும் கிடையாது. எல்.எல்.சி.க்கும் ஆண்டுக்கு 800 டாலர் உண்டு என்பதால், ஏற்கெனவே எல்.எல்.சி. வைத்திருப்பவருக்கு இந்த உதாரணத்தின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பதிவே இல்லாமல் சொந்தப் பெயரில் தொழில் செய்துகொண்டிருந்தவருக்கு அது புதிய செலவு.

இன்னும் சில இடங்கள், வேகமாக. டென்னசியில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்று சந்தோஷமாகப் போவார்கள். எஸ் கார்ப்பின் லாபத்துக்கு அங்கே 6.5 சதவீத எக்சைஸ் டாக்ஸ். நியூஹாம்ப்ஷயரும் வாஷிங்டன் டி.சி.யும் எஸ் தகுதியைக் கண்டுகொள்வதே இல்லை. இல்லினாய்ஸ் ஏற்றுக்கொண்டே 1.5 சதவீதம் எடுக்கும். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் லாபத்தையே பார்ப்பதில்லை. மொத்த வரவின் மீது வரி.

மாநிலங்களைக் குறை சொல்வதில் முழு நியாயம் இல்லை. ஃபெடரல் அரசு ஒரு சலுகை கொடுத்தால், அதற்காகத் தங்கள் கஜானாவையும் குறைத்துக்கொள்ள அவற்றுக்குக் கடமை கிடையாது. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. "5,000 டாலர் மிச்சம்" என்று கூவி விற்பவர்களுக்கு நியூயார்க் வாடிக்கையாளரும் டாலஸ் வாடிக்கையாளரும் ஒன்றுதான். இருவரிடமும் அதே கட்டணம், அதே வீடியோ.

டெலவேர் மோகம்

'இலவசமாக கம்பெனி தொடங்கித் தருகிறோம்' என்னும் தளங்கள் அடுத்துச் சொல்வது டெலவேர். பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் பதிவு செய்கின்றன, அதனால் நீங்களும் செய்யுங்கள் என்பது வாதம். பெரிய கம்பெனிகளுக்கு அங்கே காரணம் இருக்கிறது: முதலீட்டாளர்கள், பங்குதாரர் வழக்குகள், அவற்றுக்கென்றே தனி நீதிமன்றம். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கேட்டரிங் தொழிலுக்கு அதெல்லாம் எதற்கு?

ஃப்ரீமான்ட் வீட்டிலிருந்து நடக்கும் தொழிலை டெலவேரில் பதிவு செய்தால் கலிஃபோர்னியா விட்டுவிடாது. 'வெளி மாநிலக் கம்பெனி' என்று அங்கேயும் பதிவு செய்து, அங்கே உள்ள வரியையும் கட்ட வேண்டும். டெலவேருக்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணம், அங்கே ஒரு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் வைத்திருக்கும் செலவு தனி. 'இலவசம்' என்று சொன்ன தளங்களுக்கு வருமானம் வரும் வழிகளில் அந்த ஏஜென்ட் கட்டணமும் ஒன்று.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கும். டெலவேரில் கார்ப்பரேஷனின் ஃபிரான்சைஸ் டாக்ஸ், அனுமதிக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படும். ஸ்டார்ட்அப்புகளுக்கான ரெடிமேட் ஆவணத்தில் 1 கோடி பங்குகள் என்று இருந்தால், அந்த முறைப்படி வரும் தொகை 85,165 டாலர். இன்னொரு முறையில் மறுகணக்குப் போட்டால் 400 டாலருக்குக் கூட இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தெரியாமல் நோட்டீஸைப் பிரிப்பவரின் அன்றைய தூக்கம் போச்சு.

தொழில் நடக்கும் மாநிலத்திலேயே பதிவு செய்வதுதான் சின்னத் தொழிலுக்குப் பெரும்பாலும் சரி. இ.ஐ.என். என்ற வரி எண் ஐ.ஆர்.எஸ். தளத்தில் இலவசம். அதற்கும் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள்.

அப்பா பெயரில் ஒரு பங்கு

நம் வீடுகளில் ஒரு பழக்கம். புதிதாக எது தொடங்கினாலும் "முதல் பங்கு அப்பா பேர்ல இருக்கட்டும்" என்போம். மரியாதைக்கும் ராசிக்கும். எஸ் கார்ப்பில் இது ஆபத்து. மதுரையில் வசிக்கும், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத அப்பா, அமெரிக்க வரிச் சட்டத்தில் நான்-ரெசிடென்ட். அவர் பெயரில் ஒரே ஒரு பங்கு நேரடியாக இருந்தாலும் எஸ் தகுதி கிடைக்காது. ஏற்கெனவே தகுதி பெற்ற கம்பெனியில் பங்கை மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கே தகுதி போய்விடும். கம்பெனி சாதாரண கார்ப்பரேஷன் ஆகி, 21 சதவீத வரிக்குள் விழும்.

எச்-1பி, எச்-4-இல் இருப்பவர்கள் அமெரிக்காவில் தங்கிய நாட்களின் கணக்குப்படி வரிச் சட்டத்தில் ரெசிடென்ட் ஆகிவிட்டால் பங்குதாரர் ஆகலாம். எச்-1பி-யில் இருப்பவர் சொந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கலாமா என்பது வேறு சட்டம், வேறு சிக்கல். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொடக்கூடாத இடம் அது.

பலர் யோசிக்காதது திரும்பிப் போகும் நாளை. வேலை போய், அல்லது பெற்றோரைப் பார்த்துக்கொள்ள, குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குத் திரும்புகிறார்கள். கம்பெனியை மூடவில்லை, 'இங்கிருந்தே ஓட்டிக்கலாம்' என்று நினைக்கிறார்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர் வரிச் சட்டப்படி நான்-ரெசிடென்ட் ஆகும் நாளில் எஸ் தகுதியும் முடிந்துவிடுகிறது. எந்தக் கடிதமும் வராது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தெரிய வரும்போது தவறான ரிட்டர்ன்கள் குவிந்திருக்கும். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று ஐ.ஆர்.எஸ்-இடம் நிவாரணம் கேட்க வழி உண்டு. கட்டணமும் வழக்கறிஞர் செலவும் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர். போன தகுதியைத் திரும்ப வாங்க, ஐ.ஆர்.எஸ். சம்மதம் இல்லாவிட்டால், பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பதினைந்து ஆண்டு நிற்கும் ஒரு சமூகத்துக்கு இது கற்பனைக் கவலை இல்லை. விசா நிலை உறுதியாகாதவர்கள் எல்.எல்.சி.யாகவே இருப்பது நல்லது. அதில் நான்-ரெசிடென்ட் உறுப்பினராக இருக்கத் தடை இல்லை.

இங்கேயும் மாநிலம் நுழைகிறது. டெக்சாஸ், கலிஃபோர்னியா உள்ளிட்ட 9 மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் சம்பாதிக்கும் சொத்து பொதுவாகத் தம்பதி இருவருக்கும் சொந்தம். அங்கே பங்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் ஃபார்ம் 2553-இல் கணவன், மனைவி இருவருமே கையெழுத்திட வேண்டும். மனைவி ஊரில் இருக்கிறார், நான்-ரெசிடென்ட் என்றால், அவருக்கும் பங்கில் உரிமை உண்டு என்று ஆகி, எஸ் தகுதியே கேள்விக்குறி ஆகலாம்.

சம்பளத்தைக் குறைத்தால்?

"சம்பளத்தை 20,000-னு காட்டினா இன்னும் மிச்சமாகுமே" என்று ஒரு புத்திசாலி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் உண்டு. அயோவா மாநிலத்தில் ஒரு சி.பி.ஏ. அதைச் செய்து பார்த்தார். சம்பளம் 24,000 டாலர். லாபப் பங்காக எடுத்தது ஒரே ஆண்டில் 2 லட்சம் டாலருக்கு மேல். அவருடைய தகுதிக்கும் அனுபவத்துக்கும் 91,044 டாலராவது சம்பளம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மிச்சம் பிடித்ததாக நினைத்த வரியோடு அபராதமும் வட்டியும் போனது. நீங்கள் செய்யும் வேலைக்கு வெளியில் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதுதான் நியாயமான சம்பளம்.

அப்படியென்றால் யாருக்குத்தான் நல்லது?

நிகர லாபம் 1 லட்சம் டாலரைச் சுற்றியோ கீழேயோ இருந்தால் அவசரம் வேண்டாம். லாபம் 2 லட்சத்தை நெருங்கி, நியாயமான சம்பளம் அதில் பாதிதான் என்றால், டெக்சாஸிலோ ஃப்ளோரிடாவிலோ எஸ் தகுதி தாராளமாகக் கை கொடுக்கும். 20 சதவீதக் கழிவில் இழப்பதையும் தாண்டி சில ஆயிரம் டாலர் நிற்கும். நியூயார்க் நகரத்தில் அந்த லாபத்துக்கும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

வருமான வரி அதிகம் உள்ள மாநிலங்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. பங்குதாரர் கட்ட வேண்டிய மாநில வரியைக் கம்பெனியே கட்டி, அதை ஃபெடரல் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். மாநில வரிக் கழிவுக்கு 2017 சட்டம் 10,000 டாலர் உச்சவரம்பு போட்டதற்கு மாநிலங்கள் கண்டுபிடித்த பதில் இது. 2018-இல் கனெக்டிகட் தொடங்கியது. இப்போது 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் கெடுவும் முன்பணமும் வேறு வேறு. ஒரு பங்குதாரர் மட்டும் உள்ள எல்.எல்.சி.க்கு இது பொதுவாகக் கிடையாது, எஸ் கார்ப்புக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் நல்ல லாபம் பார்ப்பவருக்கு எஸ் தகுதி எடுக்க 15.3 சதவீதக் கணக்கை விட இது வலுவான காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வீடியோக்களில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எடுப்பது என்று முடிவானால் வரிசை இதுதான்: தொழில் நடக்கும் மாநிலத்தில் பதிவு, இ.ஐ.என்., ஃபார்ம் 2553, மாநிலம் தனிப் படிவம் கேட்டால் அதுவும், மாநிலத் தொழிலாளர் துறையில் முதலாளி என்ற பதிவு, பிறகு பேரோல். உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபார்ம் 941, ஜனவரி 31-க்குள் டபிள்யூ-2 எல்லாம் உண்டு.

மார்ச் 15-ஐப் பார்த்துப் பதற்றப்பட வேண்டாம். இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஜனவரி 1 முதல் எடுக்கலாம். ஆரம்பத்திலிருந்தே எஸ் கார்ப்பாக நடந்துகொண்டு, படிவம் கொடுக்க மட்டும் தவறியவர்களுக்கு, தகுந்த காரணம் சொன்னால், 3 ஆண்டு 75 நாள் வரை தாமதத்தை ஏற்கும் நடைமுறை ஒன்றை ஐ.ஆர்.எஸ். 2013 முதல் வைத்திருக்கிறது.